ஒரே ஒரு முறை புகழ்ந்த மண்டோர்

மலாயாவில் சுவா வட்டாரத்து ஒத்தப்பாலத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையை மேற்பார்த்துக் கட்டிக் காத்து, இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் மண்டோர் உயர்திரு சன்னாசி அவர்களுக்குக் கொட்டகைப் பணியாளர்கள் கூடி வாசித்தளிக்கும் மடல்

கொட்டகை காத்த கோமானே! கறவை வளர்த்த காவலரே! கோழி கூவுமுன் எழுந்து, கொம்புக்கும் குளம்புக்கும் குறை வராமல் பார்த்து, கன்றின் வாய் நனைந்த பிறகே தம் வாய் நனைத்த கருணைக் கடலே!

உட்காருங்கள், ஐயா. மூன்று அடைமொழிக்கு மேல் போனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் மூன்றோடு நிறுத்திவிட்டோம். நான்காவதாக எழுதியிருந்ததைக் கொட்டகைக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி நேற்றே அடித்துவிட்டார். அது போதாதென்று, இம்மடலுக்குச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கு உள்ளே வலது மூலையில் அடுப்புக்கரியால் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்திருக்கிறோம். சட்டம் போட்ட சிரம்பான் கடைக்காரர் அதை அழுக்கென்று எண்ணி இரண்டு முறை துடைத்தார். இரண்டு முறையும் அவரோடு சண்டை போட்டு மறுபடி வைத்தோம்.

அவையோரே! மண்டோரை முகத்துக்கு நேரே பாராட்டுவது நடக்கிற காரியமல்ல. இனி அவர் இங்கே இல்லாதது போலவே நாங்கள் உங்களிடம் பேசுவோம். அவரும் காதில் விழாதது போலவே உட்கார்ந்திருப்பார். காலையில் தாயம்மா போய்ப் பேசி முடித்த உடன்பாடு இது.

கால்நடையோடு காலம் கழிப்பவர்களுக்கு அந்தக் கால்நடையே ஒரு குணத்தைக் கொடுத்துவிடுகிறது. எங்கள் கொட்டகை ஆட்டுக்காரர் முருகையாவைப் பாருங்கள். பத்து ஆடு பத்துத் திசையில் ஓட, நடுவில் நின்று கத்திக் கத்தி, இன்று பக்கத்து இலைக்காரரிடம் உப்புக் கேட்டாலும் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கிறது. ஒரு பேச்சை முடிக்குமுன் அடுத்த பேச்சை மேயப் போய்விடுவார். மனத்தில் இருப்பதை அரை நிமிடம் அடக்கி வைக்க அவரால் ஆகாது. அவர் மனைவி தாயம்மா வாத்து வளர்த்தவர். வாத்துக் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முதல் வாத்தின் கழுத்து அசையும்போதே கண்டுகொண்டு, முந்திப் போய் நிற்க வேண்டிய தொழில் அது. அதனால் அம்மையாருக்கு, எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் விஷயம் புரிந்துவிடும். இந்த இருவருக்கும் எப்படிப் பொருந்தியது என்று கேட்காதீர்கள். முருகையா திரும்புகிற பக்கத்திலெல்லாம் தாயம்மா முன்னாலேயே நிற்கிறார், அவ்வளவுதான்.

மாட்டுக்காரர் வேறு ரகம். மாடு அவசரப்படாது, ஆகவே மண்டோரும் அவசரப்படமாட்டார். காலையில் கேட்ட கேள்வியை அசைபோட்டு மாலையில் பதில் சொல்வார். அதற்குள் கேட்டவரே கேள்வியை மறந்திருப்பார். மனிதர்களுக்கென்று நாளொன்றுக்கு இருபது சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது எங்கள் கணிப்பு. மாடுகளோடு பேசுவதற்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, தம் பொறுப்பில் உள்ள எந்த உயிரைப் பற்றியும் அவர் வாயில் நல்ல சொல் வராது. பெட்டியில் வைத்த செல்வத்தைப் பூட்டிக்கொள்ளலாம். நாலு காலில் நின்று ஊருக்கே தெரிகிற செல்வத்தை எதைக் கொண்டு மூடுவது? வாயால்தான் மூட வேண்டும். கொட்டகையில் எத்தனை மாடு என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டார், "எல்லாம் நிக்குது" என்பார். அவர் பேச்சைப் புரிந்துகொள்ள ஓராண்டு பழக வேண்டும். "ஒன்னுக்கும் ஆகாது" என்றால் நல்ல மாடு. "ஏதோ நிக்குது" என்றால் மிக நல்ல மாடு. சாகக் கிடக்கிற மாட்டைப் பற்றி மட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதைக் கேட்டதும் வைத்தியரைக் கூப்பிட ஆள் ஓடும். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் "பரவாயில்லை" என்ற சொல்லை அவர் எந்த உயிருக்கும் கொடுத்து நாங்கள் கேட்டதில்லை.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. 1936இல் அவர் புது மண்டோர். அப்போது வேறு தோட்டத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கொட்டகை வாசலில் நின்று, இப்படிப்பட்ட மாடுகள் மலாயாவிலேயே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார். இளந்தாரி சன்னாசிக்குத் தலை கால் புரியவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் ஒரு வாரம் அதையே சொல்லித் திரிந்தார். எட்டாம் நாள் கோமாரி வந்தது. பத்து நாளில் பதினொரு மாடு போயிற்று. அத்தனைக்கும் அவரே குழி வெட்டினார், யாரையும் மண்வெட்டி தொடவிடவில்லை. நோயைக் குறை சொல்லவில்லை, துரையையும் குறை சொல்லவில்லை. தம் வாயைத்தான் குறை சொன்னார்.

அந்தக் கோமாரிக்குத் தப்பிய ஒரே சினைமாடு ஈன்ற கன்றுக்கு அவர் வைத்த பெயர் குப்பாயி. குப்பையில் கிடக்கிறது, யாரும் பார்க்காதீர்கள் என்று பொருள். பால் ஊற்றி வளர்த்தாரோ இல்லையோ, வசவு ஊற்றி வளர்த்தார். "அடியே உருப்படாதவளே" என்று கூப்பிட்டால் எங்கே மேய்ந்தாலும் காதைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். ஈரக் கண், செவலை நிறம், பூனைபோல் சாது. யார் உட்கார்ந்தாலும் கறக்கும். வேளைக்குப் பத்துப் போத்தல். இதை நாங்கள் சொல்கிறோம், அவர் சொல்லவில்லை.

பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. வெள்ளைக்காரத் துரைகள் ஒரே இரவில் காணாமல் போனார்கள். ரப்பர் மரத்தைத் தொட ஆளில்லை. அரிசி கனவாகி, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கல்யாணத்துக்குக் கோணிச் சாக்கு உடுத்திப் போனவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். மாட்டுக் கொட்டகை மட்டும் நின்றது, போர்ட்டிக்சனில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் பால் வேண்டியிருந்ததால்.

1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து முன்பு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு மூன்று லோரி போயிற்று. ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. நான்காவது லோரி கொட்டகை ஆட்களுக்கு என்று பேச்சு அடிபட்டது. கொட்டகையில் அப்போது மண்டோர் நீங்கலாக ஆண்கள் ஒன்பது பேர். அதற்கு மறுநாள் காலை, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லோரி வந்து நின்றது.

நாற்காலியில் ஜப்பான் அதிகாரி, கையில் பிரம்பு. பக்கத்தில் மொழி சொல்பவராகத் தங்கராஜு என்பவர். சண்டைக்கு முன் சிரம்பான் துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர், மூன்று மாதத்தில் ஜப்பான் மொழி கற்றுக்கொண்டு அதைவிட வேகமாகப் பயத்தையும் கற்றுக்கொண்டவர். உத்தரவு இதுதான்: மண்டோர் ஒவ்வோர் ஆளாகக் காட்டி அவன் பலம் என்னவென்று சொல்ல வேண்டும். பலசாலிகள் லோரியில் ஏற வேண்டும்.

முதல் ஆள் முருகையா. அப்போது அவருக்கு முப்பது வயது. தோளுக்கொரு கிடாயாகத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் ஆற்றைக் கடந்தவர். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார், பிரம்பால் தோளைத் தட்டிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறோம், அந்த நேரத்தில் மண்டோர் மனத்தில் எந்தத் தந்திரமும் இல்லை. தம் பொறுப்பில் இருக்கும் ஓர் உயிரை அந்நியன் ஒருவன் உற்றுப் பார்க்கிறான் என்பது மட்டுமே கண்ணில் பட்டது. ஏழு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"இவனா துரை? இவன் ஒன்னுக்கும் ஆகமாட்டான்."

தங்கராஜு அதை மொழிபெயர்த்தார். பிரம்பு அடுத்த ஆளைப் பார்த்து நகர்ந்தது. அப்போதுதான் மண்டோருக்குத் தாம் சொன்னது என்ன என்று உறைத்தது. இன்னும் எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை நாள் மாட்டுக்குப் போட்ட போர்வையை இப்போது ஆளுக்குப் போட வேண்டும், போர்த்திக்கொள்கிறவன் சும்மா நிற்க வேண்டும்.

ஆட்டுக்காரர் சும்மா நிற்பாரா? யாரைப் பார்த்து என்ன சொன்னாய் என்று களம் அதிரக் கேட்டுக்கொண்டு, சாக்குச் சட்டையைக் கழற்றி, புஜத்தை மடக்கிக் காட்ட முருகையா ஓரடி முன்னால் வந்தார். அந்தப் புஜத்தை அதிகாரி பார்த்திருந்தால் சயாம்தான். ஆனால் முதல் வாத்தின் கழுத்து அசைவதைத் தாயம்மா பார்த்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்து, களத்தின் நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தச் சீக்காளியக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா? இப்பப் பைத்தியமும் சேந்து பிடிச்சிருச்சே, நான் எங்க போய்ச் சொல்வேன்!"

இதையும் தங்கராஜு மொழிபெயர்த்தார். அதிகாரி நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முருகையா சாக்குச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார். கட்டிய மனைவியோடு நான்கு நாள் அவர் பேசவில்லை. அந்த நான்கு நாளும் தோட்டத்தில் ஒரே அமைதி.

அதற்குப் பிறகு மண்டோர் நிற்கவில்லை. மனிதர் நோய் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, தெரிந்ததெல்லாம் மாட்டு நோய். ஒருவன் இரை எடுப்பதில்லை என்றார். இன்னொருவனுக்கு இரவில் வயிறு ஊதும் என்றார். மூன்றாமவனுக்குக் குளம்பில் புண் என்று சொல்லிவிட்டார். அதிகாரி காலைக் காட்டச் சொன்னார். நல்லவேளையாக அந்த ஆளின் குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. இன்று தோட்டத்துக் கோயில் தலைவராக இருக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றி அன்று மண்டோர் சொன்னதை, அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பதால், இங்கே வாசிக்கவில்லை.

கடைசி ஆள் கிராணி கணேசமூர்த்தி. வயது இருபத்திரண்டு, தமிழுக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவர், சட்டைப்பையில் எப்போதும் பேனா. மண்டோர் அந்தப் பேனாவைப் பார்த்தார்.

"இது எழுதப் படிக்கத் தெரியாத சென்மம் துரை. அழகுக்குப் பேனா வச்சிருக்கு."

கணேசமூர்த்தி இதை இன்றுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக் காட்டுகிறார். அந்த எழுதத் தெரியாத சென்மம்தான் இம்மடலை எழுதியது. இதில் பிழை இருந்தால் மண்டோர் அன்று சொன்னது சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது பேரும் தப்பிவிட்டோம் என்று நினைத்தோம். அதிகாரி எழுந்தார். சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. மெல்ல ஏதோ சொன்னார். தங்கராஜு மண்டோர் பக்கம் திரும்பினார்.

"மண்டோர், துரை கேக்கிறாரு. இத்தன பேரும் ஒதவாதவனுங்கன்னா மருத்துவமனைக்குப் பால் எப்படி வருது? ஒன்னு நீ பொய் சொல்ற, இல்லாட்டி இந்தக் கொட்டகையே வேண்டியதில்ல. ரெண்டில எதுன்னாலும் ஒம்போது பேரும் லோரியில ஏறணும்லா."

மண்டோர் கேள்வியை அசைபோட்டார். மாலைவரை அசைபோட நேரமில்லை. பொய் இல்லை என்றால் கொட்டகை போகும். பொய் என்றால் ஆட்கள் போவார்கள். பால் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். யாரோ ஒருவர் நல்லவராக இருந்தே ஆக வேண்டும். கொட்டகையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். குப்பாயி கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குக் குப்பாயி தெரியவில்லை. பதினொரு குழிதான் தெரிந்தது.

மண்டோர் போனார். கயிற்றை அவிழ்த்து, குப்பாயியைக் களத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பால் கறக்கிறது இவ, துரை. இவ என் மகாலட்சுமி. வேளைக்குப் பத்துப் போத்தல். இவளப்போல ஒரு மாட்ட நீங்க எங்கயும் பாக்க முடியாது. ஆனா தெரிஞ்ச கையில்லாம ஒரு சொட்டு இறக்கமாட்டா. இந்த ஒதவாத பயலுங்கதான் அவளுக்குப் பழக்கம்."

முதல் பகுதி நூற்றுக்கு நூறு உண்மை. கடைசிப் பகுதி வடிகட்டின பொய். குப்பாயி பச்சைப்பிள்ளை உட்கார்ந்தாலும் கறக்கும். அதிகாரி ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு, கறக்கச் சொன்னார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

சிப்பாய் குந்தி மடியில் கை வைத்தார். குப்பாயி உதைத்த உதையில் வாளி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், சிப்பாய் சாணத்தில். பிறந்த நாளிலிருந்து யாரையும் உதைக்காத மாடு! ஏன் உதைத்தது என்று அப்புறம் கொட்டகையில் பல நாள் வாதம் நடந்தது. மண்டோர் சொன்ன காரணம்தான் எங்களுக்குச் சரியாகப் பட்டது: வாழ்நாளில் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத மாடு, திடீரென்று மகாலட்சுமி என்றதும் மிரண்டுவிட்டது.

பிறகு முருகையா ஒரு கை புல் நீட்ட, கணேசமூர்த்தி கயிற்றைப் பிடிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று முதுகைத் தடவ, மண்டோர் அதன் காதோடு "அடியே உருப்படாதவளே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நுரை பொங்கப் பத்துப் போத்தல். அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. லோரியைக் காலியாகத் திரும்பச் சொன்னார். குப்பாயியின் முதுகில் தட்டிக்கொடுத்து நீளமாக ஏதோ சொன்னார்.

"இந்த மாதிரி மாடு மலாயாவிலேயே இல்லைங்கிறாரு" என்றார் தங்கராஜு.

எல்லாரும் சிரித்தோம். மண்டோர் மட்டும் பேயறைந்ததுபோல் நின்றார். வெள்ளைக்காரத் துரை சொன்ன அதே சொற்கள்.

எட்டாம் நாள் லோரி திரும்பி வந்தது, குப்பாயிக்கு. பால் இனி அதிகாரியின் வீட்டுக்கே வேண்டுமாம். தெரிந்த கைகள் வேண்டும் என்றாயே, அந்த ஒன்பது பேரையும் கூட ஏற்று என்றார்கள். மண்டோர் அந்த முறை அசைபோடவே இல்லை.

"அவனுங்க எதுக்குத் துரை? பாதி வழியிலேயே செத்துத் தொலைவானுங்க. நான் ஒருத்தன் போதும்."

குப்பாயிக்கு முன்னால் அவரே லோரியில் ஏறினார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பயம். இரண்டு ஆண்டு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அதற்குள் எங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப் போன மாதத்தில், ஒருநாள் மத்தியானம், போர்ட்டிக்சன் சாலையில் ஓர் ஆள் நடந்து வந்தார். எலும்பும் தோலுமாக, இடுப்பில் சாக்கு, கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைக் கிடாரிக்கன்று. குப்பாயி எங்கே என்று முருகையா கேட்டார். கறிக்கு அடித்துவிட்டார்கள் என்றும், கன்று அது அங்கே ஈன்றது என்றும் பிறகுதான் தெரிந்தது. மண்டோர் அன்று சொன்னது ஒரே வார்த்தை: "புகழ்ந்துட்டேன்ல."

பிறகு எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாகப் பார்த்தார். எண்ணவில்லை, எண்ணமாட்டார். தலைமுதல் கால்வரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி ஆளின்மேல் கண் நின்றதும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏதோ நிக்கிறீங்க" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு முருகையா அழுத சத்தம் சுவாவரைக்கும் கேட்டது.

ஐயா! உடன்பாடு முடிந்தது. இனி உங்களிடமே பேசுகிறோம், இன்னும் சில வரிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிடாரி வளர்ந்து, அதன் மகளும் மகளின் மகளும் இன்று கொட்டகையை நிறைத்திருக்கின்றன. எத்தனை என்று சொல்லமாட்டோம், எல்லாம் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தோட்ட நிர்வாகம் உங்களுக்கே பரிசாகக் கொடுத்திருக்கிறது. வாசலில் கட்டியிருக்கிறோம். சுமாரான மாடு, அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள்.

நூறாண்டு வாழ்க, நோயின்றி வாழ்க என்றெல்லாம் எழுதினால் இந்தச் சட்டத்தை இன்றே அடுப்பில் போடுவீர்கள். ஆகையால் எழுதவில்லை. மனத்துக்குள் தினமும் சொல்லிக்கொள்கிறோம், அது உங்கள் காதில் விழாது. உங்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல எங்களிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டு நீங்கள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை எடுத்து, உங்களுக்கே தருகிறோம்.

மண்டோர் சன்னாசி: பரவாயில்லை.

இவண்,
ஒன்றுக்கும் ஆகாத ஒன்பது பேர்,
அவர்தம் மனைவி மக்கள்,
மாட்டுக் கொட்டகை, ஒத்தப்பாலத் தோட்டம், சுவா,
நெகிரி செம்பிலான். 1958

(மூலையில் இருப்பது அழுக்கல்ல. துடைக்க வேண்டாம்.)